வாசல் ஒன்று, கணக்கு இரண்டு

(நோர்வூட்டில் ஆசிரியர்களும் விவசாயிகளும் வீட்டிலிருந்து தொழில் செய்வோரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வரி என்பது பணக்காரரின் தலைவலி, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். வேறு சிலரோ, கையில் குறிப்பேட்டோடு யாரேனும் படியேறி வந்தால், தையல் இயந்திரத்தின் மீது போர்வையைப் போர்த்தி மறைக்கின்றனர். முன்னவரிடம் இருப்பது அலட்சியம்; பின்னவரிடம் இருப்பது அச்சம். இரண்டுக்கும் தாய் ஒன்றே: சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் கேட்டறியாமை.

வீட்டிலிருந்து தொழில் செய்வோருக்கு வருமான வரிச் சட்டம் எந்தெந்தச் செலவைக் கழித்துக்கொள்ள உரிமை தருகிறது, அந்த உரிமை யாருக்குப் பயன்படுகிறது, யாருக்குப் பயன்படாமற் போகிறது, நாம் அரசிடம் கேட்க வேண்டியது யாது என்னும் இவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வரி வரவுக்கன்று, இலாபத்துக்கே

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியே வரும் பாதை, பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரியும் இடம் நமது நோர்வூட். இந்தப் பாதையின் இருமருங்கிலும் உள்ள வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டிலே தையல். அடுத்த வீட்டிலே இடியப்பமும் பலகாரமும். அதற்கடுத்ததில் மாலை வகுப்பு. அப்பால் கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர். பின்புறத்திலே பசு மாடு, கோவாவும் லீக்சும் விளையும் சிறு தோட்டம். கொழுந்துக் கூலி மட்டும் குடும்பத்தைக் கரைசேர்க்காது என்று கண்ட மக்கள், வீட்டையே தொழிற்சாலையாக்கிக் கொண்டனர். படித்துப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளும், கணக்காளராகவும் கணினி வல்லுநராகவும் வீட்டு மேசையிலிருந்தே வேலை செய்கின்றனர். வாசல் ஒன்று, அதற்குள்ளே குடித்தனமும் நடக்கிறது, தொழிலும் நடக்கிறது.

இவர்களிடம் சட்டம் எதைக் கேட்கிறது? வரவையா, இலாபத்தையா? இதுவே முதற் கேள்வி.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. பின்னர் 1963, 1979, 2000, 2006 ஆம் ஆண்டுகளில் புதுப்புதுச் சட்டங்கள் பிறந்தன. இன்று ஆள்வது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். சட்டங்கள் மாறின, வீதங்கள் ஏறி இறங்கின. ஆனால் ஒரு கோட்பாடு மாறவில்லை. தொழில் செய்பவர் கையில் வந்த பணம் முழுவதும் வருமானமன்று. அந்தப் பணத்தை ஈட்டுவதற்குச் செலவிட்டதைக் கழித்த பின் எஞ்சுவதே வருமானம். எனவே கழிப்பனவு என்பது அரசு இரங்கிப் போடும் பிச்சையன்று. இலாபத்துக்கே வரி என்னும் கோட்பாட்டின் மறுபாதி அது.

கணக்கு ஒன்று சொல்கிறேன். நோர்வூட் கடைவீதியில் வாடகை வீட்டிலிருந்து தையற்றொழில் நடத்தும் ஒரு பெண்ணை நினைத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு அவர் கையில் வரும் பணம் 24 இலட்சம் ரூபா. 2025 ஏப்ரல் 1 முதல் தனியாளுக்குரிய வரி விடுப்பு ஆண்டுக்கு 18 இலட்சம். "அப்படியானால் மேலதிகமாகிய 6 இலட்சத்துக்கு வரி கட்ட வேண்டுமே" என்று அவர் அஞ்சுகிறார். முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம் என்பதால் அது 36,000 ரூபா. அவர் அஞ்சுவது நியாயமா?

செலவைப் பார்ப்போம். துணி, நூல், பொத்தான் 13 இலட்சம். உதவிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 30,000 வீதம் 3 இலட்சத்து 60 ஆயிரம். ஹட்டனுக்குச் சென்று சரக்கு எடுத்துவரப் போக்குவரத்து 36 ஆயிரம். ஒரு இலட்சத்து 20 ஆயிரத்துக்கு வாங்கிய இயந்திரத்தின் பெறுமானத் தேய்வு, ஐந்தாண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 24 ஆயிரம். வீட்டு மின்கட்டணம் 60 ஆயிரம்; அதிலே பாதி இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் எடுத்துக்கொள்வதால் 30 ஆயிரம். தொலைபேசி 24 ஆயிரத்தில் மூன்றிலொரு பங்கு 8 ஆயிரம். வீட்டு வாடகை 1 இலட்சத்து 80 ஆயிரத்தில், தையலுக்கென ஒதுக்கிய ஆறிலொரு பங்கு இடத்துக்கு 30 ஆயிரம். கூட்டினால் 17 இலட்சத்து 88 ஆயிரம். எஞ்சும் இலாபம் 6 இலட்சத்து 12 ஆயிரம் மட்டுமே! வரி விடுப்பு எல்லையின் மூன்றிலொரு பங்கைத்தான் அது சற்றுத் தாண்டுகிறது. ஒரு சதமும் வரியில்லை.

ஆனால், தாய்மார்களே, இந்தக் கணக்கு அவர் தலைக்குள்ளே மட்டும் இருந்தால் போதாது. தாளிலே இருக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தில் 24 இலட்சம் வந்து போனதற்கு எழுத்துச் சாட்சி உண்டு. 17 இலட்சத்து 88 ஆயிரம் செலவானதற்குச் சாட்சி இல்லையென்றால், யாருடைய சொல் நிற்கும்? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டது வீணுக்கன்று.

"எந்த அளவுக்கு" என்னும் சொற்கள்

இனிச் சட்டத்துக்குள் நுழைவோம். 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, குடும்பச் செலவைக் கழிக்க இயலாது என்கிறது. 11 ஆம் பிரிவு, வருமானத்தை ஈட்டுவதற்காக அந்த ஆண்டிலே ஏற்பட்ட செலவை, அது எந்த அளவுக்கு அதற்காக ஏற்பட்டதோ அந்த அளவுக்குக் கழிக்கலாம் என்கிறது. ஒரு பிரிவு கதவைச் சாத்துகிறது. மறுபிரிவு கதவைத் திறக்கிறது. வீட்டிலிருந்து தொழில் செய்பவர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறார். அவருக்குத் துணை நிற்பவை "எந்த அளவுக்கு" என்னும் சொற்களே.

இங்கிலாந்தின் சட்டம் இதைவிடக் கடுமையான சொற்களைக் கொண்டது. செலவு முற்றாகவும் தனியாகவும் தொழிலுக்கே ஆகியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த விதியில் அகப்பட்டவர்களுள் என் தொழிலைச் சார்ந்தவர்களும் உண்டு. நியூசம் என்னும் சட்டத்தரணி, இலண்டனில் அலுவலகமும் விப்ஸ்னேட் என்னும் ஊரில் வீடும் உடையவர். வீட்டிலும் வழக்குகளைப் படிக்கிறேன், ஆகவே வீட்டுக்கும் அலுவலகத்துக்குமிடையே செல்லும் ரயிற் கட்டணத்தைக் கழிக்க வேண்டும் என்று வாதாடினார். 1952 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. 1975 இல் ஒரு தச்சர், வெளியூரில் வேலை செய்யும் நாளில் உணவகத்தில் உண்பதற்கு வீட்டிலே உண்பதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது, அந்த வேறுபாட்டைக் கழியுங்கள் என்றார். வேலை செய்வதற்காக மட்டுமன்று, உயிர் வாழ்வதற்காகவும் மனிதன் உண்கிறான் என்பதே விடையாயிற்று. 1983 இல் மலாலியூ என்னும் பெண் சட்டத்தரணி, நீதிமன்றத்துக்கென வாங்கிய கறுப்பு உடைகளின் செலவைக் கோரினார். பிரபுக்கள் சபை அதையும் தள்ளியது. உடை மானத்துக்கும் குளிருக்குந்தானே!

இந்தத் தீர்ப்புகள் நம் நாட்டைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆயினும் நமக்குப் பாடமாவன. சாப்பாடும் சாதாரண உடையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் எவ்வளவு வாதாடினாலும் குடும்பச் செலவே. அவற்றைத் தொழிற் கணக்கிலே நுழைப்பவர், உண்மையான செலவின் மீதும் ஐயத்தை வரவழைக்கிறார். அதே வேளையில், பிரித்துக் காட்டத்தக்க செலவைப் பிரித்துக் காட்டினால், நம் சட்டத்தின் சொற்கள் அதற்கு இடந்தருகின்றன. மின்சாரம், தொலைபேசி, இணைய இணைப்பு, வாடகை ஆகியவற்றில் தொழிலுக்குரிய பங்கு எவ்வளவு, அந்தப் பங்கை எவ்வாறு கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இயந்திரம் எத்தனை மணிநேரம் ஓடியது, அறையின் நீள அகலம் என்ன என்பவை போதும். நியாயமான அளவுகோல் ஒன்றை எடுத்து, ஆண்டுதோறும் அதையே பின்பற்றினால் உங்கள் கணக்குக்கு மதிப்புண்டு.

நம் வீடுகளில் மட்டும் காணப்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் நகை அடகு. இயந்திரம் வாங்கவும் பசு வாங்கவும் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. கடனாகப் பெற்ற பணம் தொழிலுக்குப் பயன்பட்டிருந்தால், அதன் வட்டி கழிக்கத்தக்க செலவு. அதே அடகுப் பணத்தில் பாதி திருவிழாவுக்கும் பாதி இயந்திரத்துக்கும் போயிருந்தால், பாதி வட்டி மட்டுமே கழியும். ஆகவே அடகுச் சீட்டையும் இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை அந்த இரண்டு தாள்களும் சேர்ந்தே சொல்லும்.

இயந்திரம், கணினி, மேசை போன்ற நீடித்துழைக்கும் பொருள்களின் விலையை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க முடியாது. ஐந்தாண்டுக்குப் பங்கிட்டே கழிக்க வேண்டும். அதே கணினியில் பிள்ளையும் படித்தால், தொழிலுக்குரிய பங்கு மட்டுமே கணக்கில் வரும். தொழிலில் நட்டம் ஏற்பட்டால் அதைத் தொடர்ந்து வரும் ஆறு ஆண்டுகளுக்குள் இலாபத்தில் ஈடுசெய்யச் சட்டம் இடமளிக்கிறது. நட்டமென்று எழுதுவதற்கு வெட்கப்பட்டு விட்டவர், நாளை வரும் இலாபத்திலே அதற்குரிய விலையைக் கொடுப்பார்.

ஆசிரியருக்கும் விவசாயிக்கும்

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத்திலிருந்து எந்தச் செலவையும் கழிக்கச் சட்டம் விடுவதில்லை. ஆனால் மாலையில் வீட்டில் நடத்தும் வகுப்பு தொழிலாகும். அதற்குக் கழிப்பனவு உண்டு. மாதம் 70,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 8 இலட்சத்து 40 ஆயிரம். வகுப்பிலே 12 இலட்சம் வருகிறது. இரண்டும் சேர்ந்து 20 இலட்சத்து 40 ஆயிரம். வரி விடுப்பு போக 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு வரி 14,400 ரூபா. வாங்கு, கரும்பலகை, பிரதி எடுத்த செலவு, மின்சாரம், இணையம் என்று 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு உண்மையான கணக்கு இருந்தால் வரியே இல்லை.

தனித்து இயங்கும் சட்டத்தரணி, மருத்துவர், கணக்காளர், விரிவுரையாளர் போன்றோருக்கு மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் செலுத்தும்போது நூற்றுக்கு 5 வீதத்தைப் பிடித்துக்கொள்ளும் முறை, 2023 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ளது. பிடிப்பது மொத்தக் கட்டணத்திலிருந்து. கடைசியில் வரி நிற்பது இலாபத்தின் மீது. இந்த இடைவெளியில் உங்களுக்குரிய பணம் அரசிடம் தங்கிவிடலாம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஆண்டுக்குரிய விவரத்திரட்டை நவம்பர் 30 க்குள் கொடுத்து, செலவையும் பிடித்த வரியையும் காட்டுபவரே அதைக் கேட்டுப் பெற முடியும்.

விவசாயத் தோழர்களே! வேளாண்மை வருமானத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்தாண்டுக்கென வழங்கப்பட்ட விலக்கு முடிந்துவிட்டது. "விவசாயிக்கு வரியில்லை" என்னும் பழைய நம்பிக்கையில் உறங்காதீர்கள். இந்தியாவில் வேளாண்மை வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது, அது அங்கே. இங்கே விதை, உரம், கிருமிநாசினி, மாட்டுத் தீவனம், கால்நடை வைத்தியம், லொறிக் கூலி, விதைக்கிழங்கு வைக்கும் அறைக்குரிய பங்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும். வீட்டுக்கென எடுத்த பாலுக்கும் மரக்கறிக்கும் ஆன செலவைக் கழிவிலிருந்து நீக்கிவிடுங்கள், அது குடும்பத்துக்குரியது.

யாருக்கு எவ்வளவு?

இதுவரை சட்டத்தரணியாகப் பேசினேன். இனி அரசியல் பேச வேண்டும்.

தையற்காரப் பெண்ணின் கணக்கை மீண்டும் எடுப்போம். வீட்டுக்குரிய பங்காக அவர் கழித்தது மின்சாரம் 30 ஆயிரம், தொலைபேசி 8 ஆயிரம், வாடகை 30 ஆயிரம், ஆக 68 ஆயிரம் ரூபா. அதனால் அவருக்கு மிச்சமான வரி எவ்வளவு? ஒன்றுமில்லை. ஏனெனில் அந்த 68 ஆயிரத்தைக் கழிக்காவிட்டாலும் அவர் இலாபம் எல்லைக்குக் கீழேயே நிற்கும். மறுபுறத்தில் ஆண்டுக்கு 42 இலட்சம் ஈட்டும் ஒரு தொழில் வல்லுநரை நினையுங்கள். வரி விடுப்பு போக 24 இலட்சம். அதன் மேற்பகுதிக்கு வரி நூற்றுக்கு 30. வீட்டு அலுவலகத்துக்கென 2 இலட்சம் கழித்தால் 60 ஆயிரம் ரூபா மிச்சம். இன்னும் மேலே சென்று நூற்றுக்கு 36 கட்டுபவருக்கு ஒவ்வொரு நூறு ரூபாக் கழிவிலும் 36 ரூபா மிச்சம்.

ஆக, கழிப்பனவு என்னும் மழை மேட்டிலே அதிகம் பெய்கிறது; பள்ளத்திலே தூறலும் இல்லை. அந்த வல்லுநர் மீது எனக்கு வருத்தமில்லை. தம் உரிமையை அவர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் பெண் வரியே கட்டுவதில்லை என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. அவர் கடையிலே வாங்கும் பல பொருள்களின் விலைக்குள்ளே அந்த வரி ஒளிந்திருக்கிறது. பெறுமதி சேர் வரிக்குப் பதிந்த பெரிய வணிகர், கொள்வனவிலே செலுத்தியதைத் தம் வரியிலிருந்து கழித்துக்கொள்வார். பதியும் அளவுக்கு வளராத அவருக்கு அந்த வழி இல்லை. அவர் அதைச் சுமக்கிறார், அல்லது சட்டை தைக்கக் கொடுத்த தோட்டத் தொழிலாளியின் மீது ஏற்றுகிறார். வருமான வரிப் பட்டியலில் பெயரில்லாதவர் வரி கட்டாதவர் என்பது பெரும் பொய்.

அடிக்கோலா, கடிகாரமா?

வீட்டுச் செலவின் பங்கை ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்கிடுவது கடினம் என்று கண்ட நாடுகள், எளிய வழிகளை வகுத்தன. அமெரிக்காவிலே 2013 ஆம் வரி ஆண்டு முதல், தொழிலுக்கென ஒதுக்கிய இடத்துக்குச் சதுர அடிக்கு 5 டாலர் வீதம், 300 சதுர அடி வரை கழிக்கலாம். இங்கிலாந்திலோ இடத்தை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறார்கள். வீட்டிலே மாதம் 25 முதல் 50 மணிநேரம் தொழில் செய்தால் 10 பவுண்; 51 முதல் 100 வரை 18 பவுண்; அதற்கு மேல் 26 பவுண். இந்தியாவில் சிறுவணிகரின் மொத்த விற்பனையில் நூற்றுக்கு 8, வங்கி வழியாக வந்த பணமாயின் நூற்றுக்கு 6, இலாபம் என்று கொள்ளும் முறையை வகுத்தனர்.

இந்த மூன்றில் எது நமக்கு உகந்தது? இதைச் சிந்திக்க வேண்டியவர்கள் கொழும்பிலே மட்டுமல்லர்; நாமும் சிந்திக்க வேண்டும். ஏனெனில் எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதே, உள்ளே வருபவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்க விதியிலே ஒரு நிபந்தனை உண்டு. அந்த இடம் முற்றிலும் தொழிலுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். பல அறைகள் கொண்ட பங்களாவில் அது எளிது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் எங்கே ஒதுக்குவது? பகலில் தையல் நடக்கும் இடத்திலேதான் இரவில் பிள்ளைகள் உறங்குகின்றனர். அடிக்கோலால் அளந்தால் லயத்திலே தொழிலே இல்லை என்று வரும்! கடிகாரத்தால் அளந்தால் உண்மை வெளிப்படும். காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை அந்த அறை தொழிற்கூடம். அதன் பின் வீடு. நம் சட்டத்தின் 11 ஆம் பிரிவு தனியறை கேட்கவில்லை. "எந்த அளவுக்கு" என்று மட்டுமே கேட்கிறது. எனவே நேரத்தை அளவாகக் கொள்ளும் எளிய நிலையான கழிப்பனவை விதிமுறையாக வகுக்க வேண்டும் என்று கோருவது, இருக்கும் சட்டத்தின் போக்கிலேயே ஒரு படி முன்செல்வதாகும்.

இந்திய முறையை அப்படியே கேட்கலாகாதா என்று சிலர் வினவுவர். நூற்றுக்கு 8 இலாபம் என்று கொள்வது கணக்கெழுதும் தொல்லையைக் குறைக்கும். ஆனால் மரக்கறி அழுகி நட்டப்பட்ட ஆண்டிலும் இலாபம் உண்டென்றே அது கொள்ளும்; நட்டத்தைக் காட்ட விரும்பினால் மீண்டும் கணக்கேட்டுக்கே திரும்ப வேண்டும்.

சட்டத்தை மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். அமெரிக்காவிலே சொலிமன் என்னும் மயக்க மருந்து வைத்தியர், மருத்துவமனைகளில் அறை கிடையாமையால் தம் வீட்டறையிலேயே கணக்கும் கடிதமும் எழுதினார். முக்கிய வேலை மருத்துவமனையில்தானே என்று 1993 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் கழிவை மறுத்தது. 1997 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி, நிர்வாக வேலைக்கு வேறு இடமில்லாதவரின் வீட்டறையை ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் சாத்திய கதவை மக்கள் மன்றம் திறந்தது.

கணக்கு நம் கையில்

தோழர்களே! நம் மக்கள் கணக்குக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் நம்மைப் பற்றிய கணக்கைப் பிறரே எழுதினர். 1921 இல் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் கடனைக் காட்டும் "துண்டு" என்னும் தாளே அவன் எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்பதைத் தீர்மானித்தது. கடன் எவ்வளவு என்று எழுதியவன் கங்காணி, கட்டியவன் தொழிலாளி. நாட்பெயரைச் செக்ரோலில் பதிந்தவரும் வேறொருவரே. தனக்கென ஒரு கணக்கேடு வைத்திராத சமுதாயத்தின் கதை அது. இன்று வீட்டிலிருந்து தொழில் செய்யும் ஒரு பெண், தன் வரவையும் செலவையும் தன் கையால் எழுதுகிறாள் என்றால், அது வெறும் வரிக் கணக்கன்று.

அந்த ஏட்டின் பயன் வரியோடு முடிவதுமில்லை. சேமிப்பு வட்டியிலிருந்து 2025 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 10 வீதம் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ஆனால் தன் இலாபம் எவ்வளவு என்று அறியாதவர் எதை உறுதிமொழிவார்? வங்கியிலே கடன் கேட்டால் முதற் கேள்வி "வருமானம் என்ன?" என்பது. காணி உறுதி இல்லாத லயத்து மனிதரிடம் காட்டுவதற்கு வேறு என்ன உண்டு? மூன்றாண்டுக் கணக்கேடே அவருக்கு உறுதி.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று. ஒரு கொப்பியில் வரவும் செலவும் நாள்தோறும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகக் கட்டிக் குறைந்தது ஐந்தாண்டு வையுங்கள். வரி இலக்கம் பெற அஞ்சாதீர்கள். இலக்கம் பெற்றதனால் மட்டும் வரி பிறந்துவிடாது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் மூன்று. வீட்டுத் தொழிலுக்கு மணிநேர அளவில் நிலையான எளிய கழிப்பனவு வேண்டும். எளிய தமிழில் வழிகாட்டி நூலும், தமிழ் தெரிந்த அதிகாரிகள் ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் வந்து அமரும் நடமாடும் சேவையும் வேண்டும். மூன்றாவதாக, வாழும் வீட்டுக்கு உறுதி வேண்டும். நிலம் 1970களில் அரசுடைமையாயிற்று. 1992 இல் நிர்வாகம் நிறுவனங்களிடம் சென்றது. லயத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர் மட்டும் இன்னும் குடியிருப்பாளரே. இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச் நிலம் என்னும் தொடக்கம் ஏற்பட்டது. அது எல்லா லயத்துக்கும் வர வேண்டும். தனக்கென ஒரு கதவும் அக்கதவுக்கு ஓர் இலக்கமும் உடையவருக்கே கடிதமும் வரும், கடனும் வரும்.

2018 இல் நோர்வூட் தன் சொந்தப் பிரதேச சபைக்கு முதன்முறையாக வாக்களித்தது. இங்கே தேர்ந்தெடுக்கப்படுபவர்களிடமும், நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் செல்பவர்களிடமும், எக்கட்சியினராயினும், இந்த மூன்றையும் எழுத்திலே கேளுங்கள். பதிலையும் எழுத்திலே வாங்குங்கள்.

வரியைக் கண்டு ஒளிய வேண்டாம். வரியிலே ஏமாறவும் வேண்டாம். உழைத்த பணத்தில் அரசுக்குரியதை அரசுக்குக் கொடுப்போம்; நமக்குரியதை எழுதி வைத்துக் கேட்போம். இன்று வீடு திரும்பியதும் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, நடுவிலே கோடிழுத்து, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதுங்கள். நாளைய போராட்டத்துக்கு அதுவே நம் முதற் சான்று.